ஆறு மணிக்குப் போன துண்டு

அன்று காலை ஸ்ரீரங்கம் ஆபீசில் முதலாளி இருந்தார். டவுன் மண்டபத்து மேனேஜர் இருந்தார். முசிறிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெண்ணின் அப்பாவும், பெண்ணின் தாய்மாமனும் இருந்தார்கள். நான் இருந்தேன். முன்பதிவு மேசையில் உட்காரும் அக்கா மட்டும் இல்லை. அவர் காவிப் புடவை கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடக்கக் கிளம்பி மூன்று நாள் ஆகியிருந்தது. போன் போட்டால், அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் பதிவுசெய்த குரல் வந்தது. அந்தக் குரல் வந்த ஒவ்வொரு தடவையும் தாய்மாமன் எங்கள் முதலாளியின் முகத்தைப் பார்த்தார்.

முதலாளிக்கு இரண்டு கல்யாண மண்டபங்கள். ஸ்ரீரங்கத்தில் ஒன்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம் டவுனில் பெரியதாக ஒன்று. இரண்டுக்கும் முன்பதிவு ஸ்ரீரங்கம் ஆபீசில் அக்காவிடமும் நடக்கும், டவுனில் மேனேஜரிடமும் நடக்கும். முன்பெல்லாம் நீள நோட்டு ஒன்று இருந்தது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இரண்டு நோட்டுகள் ஆனபோது ஒரே தேதியை இரண்டு பேருக்குக் கொடுத்து அடிதடி வரைக்கும் போனதால் கம்ப்யூட்டருக்கு மாறினார்கள். அதைச் செய்யத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். இது நடந்தபோது நான் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

"எங்க துண்டு எங்கங்க?" என்றார் தாய்மாமன்.

முசிறி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட்டுப் பிடிப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பணம் கட்டாமல் ஒரு முகூர்த்தத் தேதியைப் பிடித்து வைப்பதற்கும் எங்கள் ஆபீசில் துண்டு போடுவது என்றுதான் பெயர். நோட்டுக் காலத்தில் பென்சிலால் பேரை எழுதி வைப்பார்கள். இப்போது திரையில் அந்தத் தேதி மஞ்சளாக மாறும். அட்வான்ஸ் கட்டினால் சிவப்பு, காலியாக இருந்தால் பச்சை.

இவர்கள் ஆனிக் கடைசி வாரத்தில் வந்து, ஆவணிக் கடைசிப் புதன்கிழமைக்கு டவுன் மண்டபத்தில் துண்டு போட்டிருந்தார்கள். யாரோ ரத்து செய்ததால் தற்செயலாகக் கிடைத்த தேதி அது. அட்வான்ஸ் கட்டுவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் நல்ல காரியத்துக்குப் பணம் கட்ட மாட்டார்கள். ஆவணி பிறந்தும் வளர்பிறை வரட்டும் என்று பொறுத்து, வெற்றிலை பாக்கோடு பணத்தை எடுத்துக்கொண்டு வந்தால் திரையில் தேதி சிவப்பாக இருக்கிறது. வேறு ஒரு குடும்பத்தின் பேர்.

"ஆடில துண்டு நிக்கும்னு அந்த அம்மாதான் சொன்னாங்க," என்றார் பெண்ணின் அப்பா. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அத நம்பி ஆவணி ஒண்ணாந்தேதியே பத்திரிகைக்குக் குடுத்துட்டேன். அடிச்சு வந்துருச்சு. இன்னும் மூணு வாரந்தான் இருக்கு."

"பதினெட்டாம் பெருக்கன்னைக்கு கட்டியிருக்கலாமேங்க. அன்னைக்கு நல்ல நாள்தானே," என்றார் மேனேஜர்.

"அன்னைக்கு இந்தப் பக்கம் ஆடு மாடு கூட வர முடியாது சார். கூட்டம் அப்புடி. நீங்க எங்கள பெருக்குல முழுக வுட்டுட்டு இங்க தேதிய வித்துட்டீங்க," என்றார் தாய்மாமன்.

"வித்துட்டீங்கன்னா என்னங்க அர்த்தம்?"

"நீங்கதான் சொல்லணும். யாருக்குக் குடுத்தீங்க?"

மேனேஜர் சொன்னார். மேலப்புதூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். மாதா கோவிலில் கல்யாணம், மண்டபத்தில் வரவேற்பு. ஆடியில் வந்து, தேதி பச்சையாக இருந்ததைப் பார்த்து, முழுத் தொகையும் கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஆடியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான்.

தாய்மாமன் காலியாக இருந்த மேசையைப் பார்த்தார். அக்காவின் திரைக்கு ஓரத்தில் சின்ன மாதா படம் ஒட்டியிருந்தது.

"ஓஹோ," என்றார். "அந்தம்மா எங்க போயிருக்காங்கன்னு சொன்னீங்க?"

அந்த அறையில் இருந்த ஐந்து பேரும் அந்த நிமிஷத்தில் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தோம். நான் நினைக்கவில்லை என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. நானும் நினைத்தேன்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, யார் எடுத்தாங்கன்னு கம்ப்யூட்டர்ல தெரியுமா?"

"தெரியும் சார்," என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான்தான். கல்லூரியில் தரவுத்தளம் என்று ஒரு பாடம் இருந்தது. அதில் மூன்று அடுக்கு என்று வரும்; பக்கம் மாறாமல் மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கினேன். புரிந்தது என்னவோ இந்த மண்டபத்துக்கு வந்த பிறகுதான். அக்கா பார்ப்பது பேர், தேதி, போன் நம்பர் கேட்கும் ஒரு படிவம். முதலாளி பார்ப்பது மஞ்சளும் சிவப்புமாக ஒரு காலண்டர். இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன, ஆனால் ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்ப்பதில்லை. இது மேல் அடுக்கு. இதற்குக் கீழே நான் பார்ப்பது: மண்டபங்களுக்கு ஓர் அட்டவணை, ஆட்களுக்கு ஓர் அட்டவணை, தேதிகளுக்கு ஓர் அட்டவணை, எதை எதோடு சேர்ப்பது என்பதற்கான விதிகள். அதற்கும் கீழே, அந்த வரிகள் ஹார்ட் டிஸ்கில் எந்த மூலையில் கிடக்கின்றன என்பது. அது எனக்கே தெரியாது, தெரியவும் வேண்டாம்.

முதலாளிக்கு இதை ஒருமுறை உக்கிராணத்தை வைத்துச் சொல்லியிருந்தேன். கல்யாணச் சாமான்களை வைத்துப் பூட்டும் அந்த அறைக்குள் சமையல்காரரே ஆனாலும் நுழைய முடியாது. வாசலில் நின்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் சீட்டில் எழுதிவிட்டு எடுத்துக் கொடுப்பார். தரவுத்தளமும் அப்படித்தான். யாரும் வரிகளைத் தொட முடியாது. கேட்கத்தான் முடியும். கேட்டவர் யார், எப்போது கேட்டார், என்ன மாறியது என்று ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏறிவிடும். ஒரு மண்டபம், ஒரு தேதி, ஒரு பேர் என்பது மாற்ற முடியாத விதி. இரண்டாவது பேரை உள்ளே விடவே விடாது. இதைச் சொன்னபோது முதலாளி, "அப்ப யாரும் ஏமாத்த முடியாதுங்கற," என்றார். "முடியாது சார்," என்றேன்.

அந்தத் தேதியையும் மண்டபத்தையும் கொடுத்து, துண்டு எடுக்கப்பட்ட பதிவைக் கேட்டேன். ஒரே ஒரு வரி வந்தது. ஆடி பிறந்து நாலாம் நாள். காலை ஆறு மணி. எடுத்தவர்: அக்காவின் பயனர் பேர்.

திரையை அவர்கள் பக்கம் திருப்பினேன். திருப்பியிருக்க வேண்டாம்.

"ஆறு மணிக்கா?" என்றார் முதலாளி. "ஆபீஸ் ஒம்பதரைக்குத்தானே?"

"சாவி யார்ட்ட இருக்கும்?" என்றார் தாய்மாமன்.

ஊரில் இருக்கும்போது சாவி அக்காவிடம்தான் இருக்கும். மேனேஜர் அதை மெல்லச் சொன்னார். சொல்லிவிட்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

பெண்ணின் அப்பா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இது சொல்றது பொய்யா இருக்காதா?"

"இருக்காதுங்க. இத யாரும் கையால எழுதறதில்ல. தானா எழுதிக்கும்."

"தானா எழுதிக்கும்படி பண்ணுனது யாரு? ஒரு மனுஷந்தானே?"

நான் சிரித்துவிட்டேன். படிக்காதவர் கேட்கிற கேள்வி என்று நினைத்தேன்.

அக்கா திரும்பி வந்ததும் கேட்டுவிட்டுப் போலீசுக்குப் போவது என்று முதலாளி முடிவு செய்தார். "அட்வான்ஸ் வாங்காத தேதிக்கு என்ன கேஸ் போட முடியும்?" என்று மேனேஜர் இழுத்தார். "கேஸ் நிக்குதோ இல்லையோ, அந்தம்மா இனிமே இந்த மேசைல உக்காராது," என்றார் முதலாளி. அக்காவின் வீட்டில் அவருடைய சம்பளம் ஒன்றுதான் வருமானம். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆகவே, அதையும் காரணமாக்கினோம்.

அடுத்த இரண்டு நாள் நான் அக்காவைப் பற்றி யோசித்த விதத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. போன மாதம் புது மிக்சி வாங்கியதாகச் சொன்னாரே, எப்படி? மேலப்புதூர்க் குடும்பம் பற்றி ஒரு வார்த்தைகூட அவர் என்னிடம் பேசவில்லையே, ஏன்? கிளம்புவதற்கு முந்தின நாள், "தம்பி, எனக்காக எதாவது வேண்டிக்கணுமா?" என்று கேட்டாரே, எதை மனதில் வைத்து? தப்பு செய்தவர் போகும் யாத்திரையாகவே எனக்கு அது தெரிந்தது. மத்தியானம் எனக்கென்று தனியாக அவர் கொண்டுவரும் ஊறுகாய்கூட, என்னை வசப்படுத்தத்தானோ என்று பட்டது.

என்மேல் எனக்குச் சந்தேகம் வராததற்கும் ஒரு காரணம் இருந்தது. சித்திரையில் தேதிக்கு அடிதடியாக இருந்தபோது, துண்டு போட்டவர்கள் வாரக்கணக்கில் பணம் கட்டாமல் இழுத்தடித்தார்கள். "ஏழு நாள்ல காசு வரலன்னா துண்ட எடுத்துரு," என்றார் முதலாளி. தினமும் காலையில் தானாக ஓடி, ஏழு நாள் கடந்த துண்டுகளை எடுத்துவிடும் நிரல் ஒன்றை எழுதினேன். ஆனியில் அக்காதான் வந்து சொன்னார்: "தம்பி, ஆடி வருது. ஆடிய உன் கம்ப்யூட்டருக்குச் சொல்லி வச்சிரு. இல்லன்னா அது பாட்டுக்கு எடுத்துரும்." அந்தக் குறிப்புக்காக அவரை மனதுக்குள் மெச்சினேன். எங்கள் வீட்டிலும் ஆடியில் ஒரு புது விளக்குமாறுகூட வாங்க மாட்டார்கள். எனக்கு அது தோன்றாமல் போயிற்றே என்றிருந்தது. ஆடி நாட்களைக் கணக்கில் சேர்க்காதபடி நிரலைத் திருத்தினேன். அது காலை ஏழு மணிக்கு ஓடும். அதற்கென்று தனியாக ஒரு பயனர் பேரும் கொடுத்திருந்தேன். பதிவேட்டில் அந்தப் பேர் இல்லை, மணியும் ஏழு இல்லை. எனவே என் நிரல் நிரபராதி. அக்காவுக்கு ஆடி வழக்கம் நன்றாகத் தெரியும் என்பதே அவருக்கு எதிராக நின்றது. தெரிந்தே எடுத்திருக்கிறார்.

இரண்டாம் நாள் மத்தியானம் முதலாளி, போலீசில் கொடுக்க அந்தப் பதிவை அச்செடுத்துத் தரச் சொன்னார். ஒரு வரி மட்டும் கொடுத்தால் அழகாக இருக்காது, அந்த நாள் முழுவதையும் எடுக்கலாம் என்று தேதியை மட்டும் கொடுத்துக் கேட்டேன்.

நான்கு வரிகள் வந்தன.

நான்கும் துண்டு எடுத்தவை. இரண்டு ஸ்ரீரங்கம் மண்டபம், இரண்டு டவுன் மண்டபம். நான்கும் அக்காவின் பேரில். நான்கும் காலை ஆறு மணி, பூஜ்ய நிமிஷம், பூஜ்ய வினாடி.

ஒரு துண்டை எடுக்கத் தேதியைத் தேட வேண்டும், திறக்க வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும், 'நிச்சயமா?' என்று அது கேட்டால் ஆமாம் சொல்ல வேண்டும். அக்கா ஒற்றை விரலால் தட்டுபவர். ஒரே வினாடியில் நான்கை எந்த மனுஷராலும் எடுக்க முடியாது. முந்தின நாள் பதிவைக் கேட்டேன். அன்றும் ஆறு மணி, பூஜ்யம், பூஜ்யம். அதற்கு முந்தின நாளும் அதே. பின்னோக்கிப் போகப் போக, சித்திரை வரைக்கும், எதையாவது எடுத்த நாளில் எல்லாம் அதே ஆறு மணி.

முதல் நாள் நான் கேட்ட கேள்விக்கு அது சரியான பதிலைத்தான் கொடுத்திருந்தது. ஒரு தேதியைக் கேட்டேன், ஒரு வரியைக் கொடுத்தது. கேட்காத மூன்றை அது ஏன் கொடுக்க வேண்டும்?

பிறகு ஞாபகம் வந்தது. ஏழு மணிக்கு ஓடும்படி வைப்பதற்கு முன்னால், ஆறு மணிக்கு வைத்துச் சோதித்துப் பார்க்க அதே நிரலை டவுன் மண்டபத்துப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டிருந்தேன். கேமராப் பதிவுக்காக எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி அது. உள்ளே நுழைய ஒரு பேர் வேண்டும். நிரலுக்கான பேரை அப்போது இன்னும் உருவாக்கவில்லை. அக்காவின் கடவுச்சொல் அவருடைய கீபோர்டுக்கு அடியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கும். "போட்டுக்க தம்பி, என்ன இருக்கு அதுல," என்றார். போட்டேன். இரண்டு நாளில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மாற்றவில்லை. ஆடியைச் சொல்லிக் கொடுத்தது புதிய பிரதிக்கு. பழையது ஆடி தெரியாமல் தினமும் ஆறு மணிக்கு அக்காவின் பேரில் எழுந்து துண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு வரும் புதியதற்கு எடுக்க ஒன்றும் மிச்சமில்லை. 'எடுத்தவை பூஜ்யம்' என்று அது நான்கு மாதமாகத் தினமும் எழுதியிருந்ததைப் பார்த்து, துண்டு போட்டவர்கள் திருந்திவிட்டார்கள் என்று நான் சந்தோஷப்பட்டிருந்தேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஆடியில் ஒருநாள் அக்கா, "தம்பி, ஒரு துண்டக் காணோம். பார்ட்டி போன் பண்ணுனாங்க, நான் மறுபடியும் போட்டு வச்சேன்," என்றார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீங்களே தெரியாம அழுத்தியிருப்பீங்க க்கா," என்றேன். "இருக்கும்," என்று போய்விட்டார்.

அந்தப் பழைய பிரதியை அழித்துவிட்டால் போதும். மூன்று நிமிஷ வேலை. பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவன் அந்த ஆபீசில் நான் ஒருவன்தான். அந்த ஒரு வரியை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தால் நான் பொய் சொன்னதாகவும் ஆகாது. இதையெல்லாம் யோசித்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரு டீ ஆறிப்போகிற நேரம். பிறகு முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

அவர் நம்பவில்லை.

"ரெண்டு நாளா அந்தம்மாதான்னு சொன்ன. இப்ப நான்தாங்குற. நடுவுல என்ன நடந்துச்சு?"

"சரியாப் பார்க்கல சார்."

"அந்தம்மா போன் பண்ணுச்சா உனக்கு?"

"இல்ல சார்."

"உனக்கும் இதுல பங்கு உண்டா?" என்று கேட்டுவிட்டு என் கண்ணையே பார்த்தார். "நீயும் முசிறிப் பக்கந்தானே? அந்தப் பார்ட்டி உனக்கு என்ன வேணும்? ஆபீஸ் தப்புன்னு ஆச்சுன்னா நஷ்டத்த நான்தானே குடுக்கணும்?"

அதுவரைக்கும் சந்தேகத்தை வெளியிலிருந்துதான் பார்த்திருந்தேன். உள்ளே நின்று பார்த்தால், எந்தப் பதிலும் அதற்கு இன்னொரு ஆதாரமாகிவிடுகிறது. இல்லை என்றால் மறைக்கிறாய், ஆமாம் என்றால் ஒப்புக்கொண்டாய்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு நீங்களே வந்து பாருங்க சார்," என்றேன். "அவங்களையும் வரச் சொல்லுங்க."

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு ஆபீசைத் திறந்தோம். முதலாளி குளித்து நாமம் போட்டு வந்திருந்தார். முதல் பஸ்ஸைப் பிடித்துத் தாய்மாமன் வந்திருந்தார். எட்டு நாள் முன்பு போட்டதுபோல ஒரு பொய்த் துண்டை, கார்த்திகையில் யாரும் கேட்காத ஒரு தேதிக்குப் போட்டேன். திரையில் மஞ்சள் விழுந்தது. டவுனில் மேனேஜர் அந்தப் பழைய பெட்டிக்குப் பக்கத்தில் நின்று போனில் இருந்தார்.

"அங்க யாராச்சும் உக்காந்து தட்டுறாங்களா?" என்று போனில் கத்தினார் தாய்மாமன்.

"யாருமில்லைங்க. தட்டுறதுக்குக் கீபோர்டே இல்லைங்க. பல்லிதான் ஒண்ணு இருக்கு."

"பல்லி மேல கை வச்சுப் பாருங்க," என்றார் தாய்மாமன். முதலாளி சிரிக்கவில்லை.

ஆறு அடித்தது. நான் எதையும் தொடக்கூடாது என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். திரையைப் புதுப்பிக்கும் பொத்தானை முதலாளியே அழுத்தினார். மஞ்சள் பச்சையாகியிருந்தது. பதிவேட்டைத் திறந்து காட்டினேன். ஆறு மணி, பூஜ்யம், பூஜ்யம். எடுத்தவர், அக்கா. அந்த நேரத்தில் அக்கா திருவாரூரைத் தாண்டி எங்கோ நடந்துகொண்டிருந்திருப்பார்.

முதலாளி அந்த வரியை இரண்டு தடவை விரல் வைத்துப் படித்தார். தாய்மாமன் நாற்காலியில் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப அந்தம்மா எடுக்கல," என்றார்.

"எடுக்கலைங்க."

"நான் மாதா படத்தப் பாத்துட்டு ஒண்ணு சொன்னேன்ல. அத வுட்ருங்க." கொஞ்ச நேரம் கழித்து, "சரி, எங்களுக்கு மண்டபம்?" என்றார்.

மேலப்புதூர்க் குடும்பத்திடம் தேதியைக் கேட்க வழியில்லை. அவர்கள் நியாயமாகக் கட்டி, நியாயமாகப் பத்திரிகையும் கொடுத்துவிட்டார்கள். முதலாளி அன்று முழுவதும் போனிலேயே இருந்தார். சாயங்காலம் சமயபுரம் ரோட்டில் ஒரு மண்டபம் கிடைத்தது. ஏசி உள்ளது, எங்களுடையதைவிட வாடகை அதிகம். அந்த அதிகத்தை நாங்களே கொடுப்பதாக அவர் சொன்னார். பெண்ணின் அப்பா போனில், "அந்தத் துண்டு நிக்குமா?" என்று மட்டும் கேட்டார். முதலாளி அன்றே போய் முழுப் பணத்தையும் கட்டி ரசீதை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

கொடியேற்றம் பார்த்துவிட்டு அக்கா அடுத்த வாரம் வேலைக்கு வந்தார். கால் விரல்களில் பிளாஸ்திரி. எல்லாருக்கும் பொரியும் தேங்காயும் கொண்டுவந்திருந்தார். மேனேஜர் அதற்குள் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் என்பது அக்கா பொட்டலத்தை என் மேசையில் வைத்த விதத்திலேயே தெரிந்தது.

"நீயும் நம்புனியா தம்பி?"

"ரெண்டு நாள் க்கா."

"ரெண்டு நாளா." அவர் பொட்டலத்தின் நூலைப் பிரித்தார். "நான் காணாமப் போன துண்ட உங்கிட்டதானே வந்து சொன்னேன்."



முதலாளி வந்து, "தப்பு நடந்து போச்சும்மா, மனசுல வச்சுக்காதீங்க," என்றார். அக்கா எழுந்து நின்றே பேசினார். "சார், அவங்க முன்னாடிதானே என்னைச் சொன்னீங்க. அவங்க முன்னாடியே இல்லைன்னும் சொல்லிடுங்க." அந்த மாமா காலையில் வந்து பார்த்துவிட்டாரே என்றார் முதலாளி. "பொண்ணோட அப்பா பாக்கல சார்." முதலாளி போனை ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னார். மறுமுனையில், "சரிங்க, நல்லதுங்க," என்றது குரல்.

பிறகு அக்கா என்னிடம் ஒன்று கேட்டார். சித்திரையிலிருந்து அவருடைய பேரில் பதிவேட்டில் ஏறிய எல்லா வரிகளையும் அச்செடுத்து வேண்டும். அதில் அவர் செய்யாதவற்றுக்கு நேரே நான் கையெழுத்துப் போட வேண்டும். "நாளைக்கு வேற ஒருத்தர் இதே மாதிரி திரையத் திருப்பிக் காட்டுனா, எங்கிட்ட ஒரு பேப்பராவது இருக்கணும்." முப்பத்தொரு பக்கம் வந்தது. அரை நாள் உட்கார்ந்து, ஆறு மணி வரிகள் ஒவ்வொன்றுக்கும் நேரே சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை எண்ணிப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டார். கீபோர்டுக்கு அடியில் இருந்த சீட்டைக் கிழித்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு ஆளுக்கொரு பேர், ஆளுக்கொரு கடவுச்சொல் என்று ஆக்கினேன். நிரல் எதுவும் மனுஷர் பேரில் ஓடாது. துண்டு எடுப்பதற்கு முதல் நாள் அந்தப் பார்ட்டிக்குப் போன் போக வேண்டும் என்றும் வைத்தேன். எல்லாம் நன்றாகத்தான் ஓடின. அக்கா புரட்டாசி முடிய வேலைக்கு வந்தார். ஐப்பசியில், டவுன் பக்கம் பாலக்கரையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை கிடைத்ததாகச் சொல்லிவிட்டு நின்றுகொண்டார். சம்பளம் இங்கே வாங்கியதைவிடக் குறைவு என்று மேனேஜர் சொன்னார். முதலாளி ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தார். "கால் வலி சார், ஆத்தத் தாண்டி வர முடியல," என்றாராம்.

அந்தக் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. சமயபுரம் ரோட்டு மண்டபத்தின் வாடகை வித்தியாசம் நாற்பத்தையாயிரம். மண்டபத்தின் பேரை மாற்றி மறுபடி அடித்த பத்திரிகைக்குப் பதிமூன்றாயிரத்து ஐந்நூறு. பழைய பத்திரிகையைப் பார்த்து டவுன் மண்டபத்துக்கே வந்து இறங்கியவர்களை ஏற்றிப்போக நிறுத்திவைத்த வேனுக்கு ஆறாயிரம். என் சம்பளத்தில் மாதம் இரண்டாயிரம் வீதம் பத்து மாதம் பிடித்தது போக மீதியை முதலாளி கொடுத்தார். ஆக மொத்தம் அறுபத்து நான்காயிரத்து ஐந்நூறு ரூபாய்.